ஒட்டாமல், பூசாமல் ஒரு பங்குனி ஆமை

ஆமையின் வயிற்றில் இருந்ததைப் பிரித்து எடை போட்டாயிற்று. வெள்ளை, அதாவது நிறமில்லாத பாட்டில் 34 கிலோ, பச்சைப் பாட்டில் 5 கிலோ, மூடி 3 கிலோ, லேபிள் ஒரு கிலோ சொச்சம். லேபிளைத் தவிர எல்லாமே பழைய இரும்புக் கடையில் காசாகிவிட்டது. எட்டடி நீளத்துக்கு ஒரு ஆமை செய்து கடற்கரைக் கூட்டத்துக்கு நடுவில் நிறுத்தினோம். காட்சி முடிந்ததும் அதன் வயிற்றில் இருந்த பாட்டில் எதுவும் குப்பைமேட்டுக்குப் போகவில்லை. எனக்கு அதுதான் பெரிய சந்தோஷம். வேறு ஊர்களில் இதே மாதிரி செய்ய நினைக்கிற ஆசிரியர்கள், மாணவர் மன்றங்கள் இருப்பார்கள் என்பதால் அளவு, செலவு, சிக்கிய இடம் எல்லாவற்றையும் எழுதி வைக்கிறேன்.

நான் கடலூரில் ஓவிய ஆசிரியர். காணும் பொங்கலன்று எங்கள் தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் எள் விழ இடமிருக்காது. மறுநாள் காலையில் போனால் மணலில் தண்ணீர் பாட்டில், ஜூஸ் பாட்டில், டீ கப் எல்லாம் கிடக்கும். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை இருக்கிறது. பை, கப், தட்டு, உறிஞ்சுகுழல், தண்ணீர் பாக்கெட் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு, தண்ணீர் பாட்டில் கிடையாது. பாட்டிலுக்கு மறுசுழற்சி வழி இருக்கிறது, வாங்க ஆளும் இருக்கிறது. ஆனால் கடற்கரையில் குடித்தவர் கையிலிருந்து கடைக்காரர் தராசு வரைக்கும் அது போய்ச் சேர வேண்டுமே. அந்த இடைவெளியைத்தான் ஏதாவது செய்து கண்ணில் காட்ட வேண்டும் என்று எங்கள் சுற்றுச்சூழல் மன்றப் பிள்ளைகள் ஆசைப்பட்டார்கள்.

முதலில் போட்ட திட்டம் எல்லோருக்கும் தோன்றுவதுதான். பாட்டில்களைப் பூவாக வெட்டி, ஸ்ப்ரே பெயின்ட் அடித்து, சூடான பசைத் துப்பாக்கியால் ஒட்டி ஒரு பெரிய மீன். பாட்டில் கேட்டுப் பழைய இரும்புக் கடைக்குப் போனபோதுதான் திட்டம் மாறியது. கடைக்காரர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சார், வெச்சு முடிச்சதும் இதை எங்க போடுவீங்க?" என்றார். உங்களிடமே கொடுத்துவிடுகிறோம் என்றேன். "பெயின்ட் அடிச்சதையும் பசை ஒட்டினதையும் நான் எடுக்க மாட்டேன் சார். நான் எடுத்தாலும் மேல இருக்கிறவன் லோடையே திருப்பிடுவான்" என்று சொல்லி உள்ளே கூட்டிப்போய்க் காட்டினார். வெள்ளை ஒரு சாக்கு, பச்சை ஒரு சாக்கு, மூடி தனி. வெள்ளைக்குத்தான் நல்ல விலை, ஏனென்றால் அதை எந்த நிறத்துக்கும் மாற்றிக்கொள்ளலாம். பச்சைக்கு விலை குறைவு. எங்கள் திட்டப்படி செய்திருந்தால், விற்கக்கூடிய பாட்டிலை விற்க முடியாததாக மாற்றிவிட்டு அதற்கு மறுசுழற்சி விழிப்புணர்வு என்று பெயர் வைத்திருப்போம்.

அன்றைக்கே முடிவு செய்துவிட்டோம். பிளாஸ்டிக்கில் பசை கிடையாது, பெயின்ட் கிடையாது, சூடு வைத்து உருக்குவது கிடையாது. கம்பியால் கட்டலாம், வலையில் அடைக்கலாம், நூலில் கோக்கலாம். எது செய்தாலும் ஒரு குறட்டை வைத்துப் பிரித்து எடுத்துவிட முடிய வேண்டும். இரும்புக்கு மட்டும் பெயின்ட் அடித்துக்கொள்ளலாம், உருக்கும் உலையில் அது எரிந்து போய்விடும்.

பிள்ளைகள் சண்டிகர் ராக் கார்டன் படங்களைக் காட்டி, "அங்கே எல்லாம் சிமென்டில் பதிச்சிருக்காங்களே சார்" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. நேக் சந்த் 1957 வாக்கில் யாருக்கும் தெரியாமல் காட்டுக்குள் செய்ய ஆரம்பித்தது அது. 1976ல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். அவர் பதித்தது பெரும்பாலும் உடைந்த வளையல், பீங்கான், ஓடு. உடைந்த பீங்கானை எந்தக் கடைக்காரரும் எடை போட்டு வாங்க மாட்டார், அதனால் சிமென்டில் அதற்கு நிரந்தர இடம் கொடுத்தது அருமையான வேலை. பாட்டிலுக்கு இன்னொரு பிறவி காத்திருக்கிறது. அதைப் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது, கொஞ்ச நாள் கடன் வாங்கிக்கொண்டு திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

மீனை விட்டு ஆமைக்கு மாறியதற்குக் காரணம் எங்கள் கடற்கரை. ஜனவரியிலிருந்து மார்ச் வரை பங்குனி ஆமைகள் (ஆலிவ் ரிட்லி) இந்தப் பக்கம் கரையேறி முட்டையிடும். பொங்கல் சமயமும் அதுவும் சேர்ந்து வருகிறது. உண்மையான ஆமையின் ஓடு இரண்டடிக்குக் கொஞ்சம் மேல் இருக்கும். நாங்கள் ஓடு மட்டும் 8 அடி நீளம், 7 அடி அகலம், நடுவில் மூன்றேகால் அடி உயரம் என்று வைத்துக்கொண்டோம். தரையில் சாக்பீஸால் முழு அளவில் வரைந்து, அதன் மேலேயே கம்பியை வளைத்துப் பார்த்தோம்.

வெல்டிங் மேஸ்திரி படத்தைப் பார்த்ததும், "ஏழடி அகலத்தை எந்த வண்டியில சார் ஏத்துவீங்க?" என்றார். டாடா ஏஸ் வண்டியின் பின்பக்கம் சுமார் ஏழடி நீளம், ஐந்தடிக்கும் குறைந்த அகலம். அதனால் ஆமையை முதுகெலும்பு வழியாக இரண்டாகப் பிளந்து, ஒவ்வொரு பாதியும் மூன்றரை அடி அகலத்தில் தனித்தனிக் கூடாகச் செய்தோம். நடுவில் எட்டு இடத்தில் அரை அங்குல போல்ட் போட்டு இணைத்தால் ஒரே ஓடு. எந்த உருவம் செய்தாலும் வரைவதற்கு முன்னால் வண்டியின் அளவை எடுத்துவிடுங்கள்.

கூட்டுக்கு வேண்டிய கம்பி முழுவதும் பழைய இரும்புக் கடையிலேயே கிடைத்தது. கட்டட வேலையில் வெட்டி மிஞ்சிய துண்டுக் கம்பி, கிலோ 45 ரூபாய். அடி வளையத்துக்கும் விலா வளைவுகளுக்கும் 12 மில்லிமீட்டர், குறுக்கே 8 மில்லிமீட்டர். மொத்தம் 45 கிலோ ஆனது, 2,025 ரூபாய். துண்டுக் கம்பியில் ஒரு தொல்லை உண்டு. அது ஏற்கெனவே கோணலாக இருக்கும், அதை நிமிர்த்திவிட்டுத்தான் மறுபடி வளைக்க முடியும். தடித்த மரக்கட்டையில் இரண்டு பெரிய ஆணிகளை மூன்று அங்குல இடைவெளியில் அடித்து, நடுவில் கம்பியை விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி வளைத்தோம். ஒரே இடத்தில் அழுத்தி வளைத்தால் முட்டி தட்டிவிடும், ஆமை முதுகின் வழவழப்பு வராது.

அதன் மேல் வெல்டு மெஷ், அதாவது சதுரக் கண் வைத்த கம்பி வலை. இரண்டு அங்குலக் கண், 12 கேஜ், பன்னிரண்டரை கிலோ, ஏறத்தாழ 1,200 ரூபாய். லிட்டர் பாட்டில் மூன்று அங்குல விட்டம் இருக்கும், அரை லிட்டர் இரண்டரை, அதனால் இரண்டு அங்குலக் கண்ணில் எதுவும் நழுவாது, உள்ளே இருப்பதும் நன்றாகத் தெரியும். மெஷ் ஒரு பக்கமாகத்தான் வளையும். குவிந்த முதுகில் அப்படியே போர்த்தினால் ஓரத்தில் மடிப்பு மடிப்பாக எழும்பிக்கொண்டு நின்றது. சாத்துக்குடிச் சுளை மாதிரி நடுவில் அகலமாக, முனையில் குறுகலாகத் துண்டுகள் வெட்டி, விலாவுக்கு விலா பொருத்திய பிறகுதான் படிந்தது. வெட்டிய முனைகள் கையைக் கிழிக்கும். ஒவ்வொரு முனையையும் உள்பக்கம் மடக்கி, ஓரத்தில் பழைய சைக்கிள் ட்யூபைக் கீறிச் சுற்றினோம். பிள்ளைகள் கை வைக்கப்போகிற பொருள், இதில் சோம்பல் படவே கூடாது.

வெல்டிங் கூலியும் ராடும் சேர்த்து 3,500 ரூபாய். இரும்பு துருப்பிடிக்காமல் இருக்கப் பூசும் ரெட் ஆக்சைடு, எனாமல், தின்னர் 700.

ஓட்டின் மேல் தெரியும் கட்டங்களை மூடிகளால் செய்தோம். பங்குனி ஆமைக்கு நடு முதுகில் ஒரு வரிசைத் தகடு, அதன் இரு பக்கமும் ஆறு ஆறு தகடு, சில ஆமைக்கு அதற்கும் மேல். பேராமைக்குப் பக்கத்துக்கு நாலுதான். பிள்ளைகள் முதலில் வரைந்ததில் நாலு இருந்தது. படகுத்துறையிலிருந்து வந்த பெரியவர் ஒருவர் எட்ட நின்று எண்ணிப் பார்த்துவிட்டு, "இது நம்ம ஆமை இல்லையே தம்பி" என்று சொன்னார். அழித்துவிட்டு ஆறாக வரைந்தோம்.

கட்டத்தின் ஓரக்கோடு மட்டும் மூடி, உள்ளே வெறும் மெஷ். அப்போதுதான் வயிற்றில் இருக்கிற பாட்டில் தெரியும். கிட்டத்தட்ட 3,000 மூடி வேண்டியிருந்தது. பசை இல்லை என்று முடிவு செய்துவிட்டதால் ஒவ்வொன்றிலும் ஓட்டை போட்டுக் கம்பியில் கோக்க வேண்டும். கோணூசியை மெழுகுவர்த்தியில் காய்ச்சிக் குத்திப் பார்த்தோம், புகையும் நாற்றமும் வந்தது, பிள்ளைகளை வைத்துக்கொண்டு அதைச் செய்யக் கூடாது என்று உடனே விட்டுவிட்டோம். அப்புறம் ஒரு மரக்கட்டையில் 30 மில்லி குழி எடுத்து, ஐந்து மூடிகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, மேலே இன்னொரு கட்டையால் அழுத்திப் பிடித்து, 3 மில்லி பிட்டால் ஒரே துளையாக இறக்கினோம். மெதுவான வேகத்தில் இறக்க வேண்டும், வேகம் கூடினால் பிளாஸ்டிக் இளகிப் பிட்டில் சுற்றிக்கொள்ளும். துளைக்கும்போது நீலமும் சிவப்புமாகச் சுருள் சுருளாகத் துருவல் வரும். அது காற்றில் பறந்து மண்ணில் கலந்தால் நாமே நுண்பிளாஸ்டிக் செய்கிறோம் என்றுதானே அர்த்தம், அதனால் கீழே பெரிய தாம்பாளம் வைத்து, துருவல் அத்தனையையும் ஒரு டப்பாவில் சேர்த்து மூடி மூட்டையோடு கடைக்கே கொடுத்தோம்.

கோப்பதற்குத் துத்தநாகம் பூசிய 18 கேஜ் ஜி.ஐ. கம்பி, நாலு கிலோ, 440 ரூபாய். கொத்தனார்கள் பயன்படுத்தும் கறுப்புக் கட்டுக்கம்பி இன்னும் மலிவு, முறுக்கவும் சுலபம். ஆனால் கடற்காற்றில் அது சீக்கிரமே துருப்பிடித்து, மூடி மேலெல்லாம் செந்நிறமாக வடியும். ஒரு சின்னத் துண்டைப் பள்ளி மொட்டை மாடியில் உப்புத் தண்ணீரில் நனைத்துப் போட்டுப் பார்த்த பிறகுதான் ஜி.ஐ. வாங்கினேன்.

நிறம் சேர்ப்பதுதான் ஓவிய வேலை. தண்ணீர் பாட்டில் மூடி எல்லாம் வெள்ளை, நீலம். பச்சை, சிவப்பு, மஞ்சள், ஆரஞ்சு எல்லாம் குளிர்பானத்திலிருந்து. ஆமையின் உண்மையான நிறம் பச்சையும் சாம்பலும் கலந்த மங்கல், அந்த நிறத்தில் மூடியே கிடையாது. பக்கத்தில் பக்கத்தில் பச்சையும் மஞ்சளும் ஒரு கறுப்பும் மாறி மாறிக் கோத்தால் பத்தடி தூரத்தில் அந்த மங்கல் வந்துவிடுகிறது. இதைக் கண்டுபிடித்தது எட்டாம் வகுப்புப் பெண். எனக்கு அன்று முழுக்க மனசு நிறைந்திருந்தது.

தலைக்குப் பதினைந்து கிலோ எண்ணெய் டின் இரண்டைப் பிரித்துத் தட்டி, கம்பிக் கூட்டில் ரிவெட் அடித்தோம். கண்ணுக்குப் பழைய ஸ்கூட்டர் ஹெட்லைட் கண்ணாடி. துடுப்புகள் நாலும் கிழிந்த மீன்வலை. அந்தப் பெரியவர்தான் உட்கார்ந்து வலையைக் கூட்டில் இழுத்துப் பின்னிக் கொடுத்தார். பின்னிக்கொண்டே, "ஆமை சாவுறது பாட்டிலால மட்டும் இல்ல சார், வலையில மாட்டி மூச்சு முட்டித்தான் அதிகம் சாவுது" என்றார். உண்மை. 2025 ஜனவரியில் சென்னைக் கடற்கரை நெடுக நூற்றுக்கணக்கில் ஆமைகள் செத்து ஒதுங்கியபோதும், இழுவலையில் சிக்கி மூழ்கியதுதான் முக்கியக் காரணமாகச் சொல்லப்பட்டது. தண்ணீருக்குள்ளேயே இருந்தாலும் ஆமை மேலே வந்துதான் மூச்சு விட வேண்டும். எங்கள் பலகையில் அதையும் எழுதினோம். ஆமையின் சாவுக்கெல்லாம் பாட்டிலைக் காரணம் காட்டினால் கேட்பதற்கு எடுப்பாக இருக்கலாம், ஆனால் கடலுக்குப் போகிறவர்கள் அடுத்த வார்த்தையை நம்ப மாட்டார்கள்.

பள்ளி மைதானத்தில் வெள்ளோட்டம் பார்த்தபோது வாய்தான் பாட்டில் போடும் துளை. பிள்ளைகள் ஓடி ஓடி ஊட்டினார்கள். வரிசையில் நின்ற ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் பாட்டிலைக் கையிலேயே வைத்துக்கொண்டு, "பிளாஸ்டிக் தின்னா ஆமை செத்துடும்னு சொன்னீங்க, இப்ப நாமே ஊட்டுறோமே சார்?" என்று கேட்டான். பதில் சொல்ல முடியவில்லை. மீன் உருவத்திலும் ஆமை உருவத்திலும் பாட்டில் தொட்டி நிறைய இடங்களில் வைக்கிறார்கள், நோக்கம் நல்லதுதான், ஆனால் அதைப் பார்க்கிற குழந்தையின் கை கற்றுக்கொள்வது ஊட்டுவதை.

அதனால் வேலையைத் தலைகீழாக்கினோம். வாயைத் தகடு வைத்து மூடினோம். வயிற்றை முன்கூட்டியே பாட்டிலால் நிரப்பி, பக்கத்துக்கு ஒன்றாகப் பதினாலு அங்குலச் சதுரத்தில் இரண்டு கதவு வைத்தோம். வருகிறவர்கள் ஒரு பாட்டிலை வெளியே எடுக்க வேண்டும், மூடியைக் கழற்ற வேண்டும், லேபிளை உரிக்க வேண்டும், மூன்றையும் மூன்று இடத்தில் போட வேண்டும். சாயங்காலத்துக்குள் ஆமையின் வயிறு காலியாக வேண்டும். வேலை இவ்வளவுதான். பலகையில் பெரிய எழுத்தில் "என் வயிற்றிலிருந்து எடுங்கள்" என்று மட்டும் எழுதினோம்.

நிரப்புவதற்குப் பாட்டில் சேர்த்தது பிள்ளைகள். வயிற்றின் கொள்ளளவைக் கணக்குப் போட்டால் நசுக்காத பாட்டில் ஏறக்குறைய 1,500 பிடிக்கும். பார்க்க மலையாக இருந்தாலும் எடை 30 கிலோதான், ஏனென்றால் ஒரு லிட்டர் பாட்டில் 20 கிராம் சுமாருக்குத்தான் வரும். பாட்டில் பொறுக்கிப் பிழைக்கிறவர்கள் ஒரு கிலோவுக்கு ஐம்பது தடவை குனிய வேண்டும் என்று இந்தக் கணக்கைப் பார்த்தபோதுதான் பிள்ளைகளுக்கு உறைத்தது.

பிரித்துப் போடும் மேசைக்குப் பள்ளியின் உடைந்த பெஞ்சு. அதில் 110 மில்லி பிவிசி குழாய்த் துண்டு ஒன்றை நட்டுவைத்து, கீழே சாக்கு கட்டினோம். பாட்டில் போகும், இளநீர்க் கூடும் தட்டும் போகாது. மூடிக்கு, ஒழுகுகிற இருபது லிட்டர் தண்ணீர் கேன் ஒன்றில் 35 மில்லி துளை. மூடி ஒவ்வொன்றாக விழுந்து நிறம் நிறமாக ஏறுவது வெளியே தெரியும், சின்னக் குழந்தைகளை அந்த இடத்திலிருந்து நகர்த்தவே முடியவில்லை. லேபிளுக்கு ஒரு டின். இவற்றோடு மீதித் தண்ணீர் ஊற்ற ஒரு குடம். பாதி குடித்த பாட்டிலை அப்படியே போட்டால் சாக்கும் கனக்கும், தண்ணீர் தேங்கினால் கொசுவும் வரும்.

ஆமைக்குள் சீரியல் செட் போட்டால் ராத்திரியில் ஜொலிக்கும் என்று நிறையப் பேர் சொன்னார்கள். மறுத்துவிட்டேன். முட்டையிட வரும் ஆமையும், பொரித்து வரும் குஞ்சும் வெளிச்சத்தைப் பார்த்துத் திசை மாறிப் போய்விடும். அதே காரணத்துக்காக மணற்பரப்பில் வைக்காமல், மாநகராட்சியில் அனுமதி வாங்கி, வண்டி நிறுத்தும் இடத்தை ஒட்டி வைத்தோம். அடி வளையத்தின் மேல் நாலு மணல் மூட்டை. மெஷ் என்பதால் காற்று உள்ளே புகுந்து போய்விடுகிறது, அசையவில்லை.

காணும் பொங்கலன்று காலையில் முதலில் வந்தது, கடற்கரையில் பாட்டில் பொறுக்கும் ஒரு அக்கா. ஆமையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் நீங்களே எடுத்துக்கிட்டா நான் என்ன சார் பண்றது?" என்று நேராகக் கேட்டார். இந்த மாதிரி ஒன்று வைக்க நினைக்கிறவர்கள் எல்லோரும் முதலில் பதில் வைத்திருக்க வேண்டிய கேள்வி இதுதான் என்று நினைக்கிறேன். நிரம்பும் சாக்கு அத்தனையும் உங்களுடையது, நாங்கள் எடை மட்டும் குறித்துக்கொள்கிறோம் என்று பேசிக்கொண்டோம். அதற்கப்புறம் அன்றைய நிகழ்ச்சியை நடத்தியது அவர்தான். பாட்டிலை இடது கையில் படுக்கப் பிடித்து, லேபிளில் பசை ஓடும் கோட்டைக் கட்டைவிரல் நகத்தால் தேடி, அங்கே ஒரு கீறு, ஒரே இழுப்பில் லேபிள் முழுசாக வந்துவிடும். மூடியைத் திருகி எறிந்துவிட்டுக் குதிகாலால் ஒரு மிதி. ஐந்து நொடிகூட ஆகாது. பாட்டிலை இப்படிப் படித்து வைத்திருக்கிறாரே என்று எல்லோரும் நின்று பார்த்தார்கள். அவரைச் சுற்றிப் பள்ளிப் பிள்ளைகள், சுண்டல் விற்கிறவர், மீன் வறுவல் கடைக்காரம்மா என்று ஒரு வட்டம் கூடிவிட்டது.

அடுத்ததாகக் கூட்டம் நின்ற இடம் ஒரு வாளித் தண்ணீர். மூடி ஒரு துண்டு, பாட்டில் ஒரு துண்டு வெட்டிப் போட்டால் மூடி மிதக்கும், பாட்டில் முழுகும். ஆலையில் இரண்டையும் பிரிப்பது இப்படித்தான். கழுத்தில் தங்கிவிடுகிற வளையத்தைப் பற்றிக் கவலை வேண்டாம், அது தானாக மேலே வந்துவிடும். சுருங்கி ஒட்டிய சில லேபிள்கள் பிவிசி, அவை பாட்டிலோடு சேர்ந்து முழுகிவிடும். பாட்டில் உருக 250 டிகிரிக்கு மேல் வேண்டும், பிவிசி அதற்கு வெகு முன்னாலேயே கருகி மொத்த வார்ப்பையும் மஞ்சளாக்கிவிடும். லேபிளை உரிக்கச் சொல்வது எதற்கு என்று வாயால் சொன்னபோது கேட்காதவர்கள், அந்த வாளியைப் பார்த்ததும் உரித்தார்கள்.

பக்கத்தில் ஒரு பலகையில் பாட்டில், நொறுக்கிய சில்லு, பஞ்சு, துணி என்று வரிசையாகக் கட்டித் தொங்கவிட்டிருந்தோம். 2023 பிப்ரவரியில் பிரதமர் நாடாளுமன்றத்துக்கு அணிந்து வந்த நீல மேல்சட்டை, தண்ணீர் பாட்டில் மாதிரியான பெட் (PET) பிளாஸ்டிக் பாட்டிலிலிருந்து வந்த துணி என்பதும், அந்தத் துணி நம் கரூரிலிருந்து போனது என்பதும் அதில் இருந்தது. கரூர் என்றதும் நின்று படித்தவர்கள் அதிகம்.

இருட்டுவதற்குள் வயிற்றில் இருந்தது மூன்றில் ஒரு பங்காகக் குறைந்திருந்தது. ஒரு சிக்கல் வந்தது. கதவருகே இருப்பதை எடுத்ததும் மேலே இருப்பது சரிந்து வரும் என்று நினைத்திருந்தோம். பாட்டில்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு வளைவு கட்டி அப்படியே நின்றுவிட்டன, கீழே காலி, மேலே தொங்கல். ஒரு மூங்கில் கழியை மெஷ் கண் வழியாக விட்டுக் குத்திக் குத்தி இறக்கினோம். மீதியை மறுநாள் பிள்ளைகளும் அந்த அக்காவும் பிரித்தார்கள். மறுநாள் மணலில் பாட்டிலே இல்லை என்று சொல்ல மாட்டேன், இருந்தது. ஆனால் ஆமை நின்ற இடத்தைச் சுற்றி இருந்த கடைக்காரர்கள் மூன்று பேர் மூடி கழற்றிய பாட்டிலைத் தனிச் சாக்கில் கட்டி வைத்திருந்தார்கள், அதையும் அக்கா எடுத்துக்கொண்டார்.

கடையில் வெள்ளை கிலோ 28 ரூபாய், பச்சை 15, மூடி 20. மொத்தம் 1,087 ரூபாய், அவர் கையில். லேபிளுக்கும் பிஸ்கட் உறைக்கும் வாங்க ஆள் கிடையாது. அடுக்கடுக்காக ஒட்டிய உறை சிமென்ட் ஆலைக்கு எரிபொருளாகத்தான் போகும், எங்கள் ஒரு கிலோவை மாநகராட்சிப் பணியாளர்களிடம் கொடுத்தோம். அந்த டின்னைப் பார்த்த ஒரு அம்மா, "அப்ப இதை வாங்காம இருக்கிறதுதான் வழியா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். நீலகிரியில் டாஸ்மாக் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் 10 ரூபாய் என்று 2022ல் கொண்டுவந்த பிறகு காட்டில் எறிவது குறைந்ததைப் பற்றியும் அங்கே பேச்சு வந்தது. தண்ணீர் பாட்டிலுக்கும் அப்படி வந்தால் ஆமையே தேவைப்படாது, வர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

மொத்தச் செலவு, வண்டி வாடகை 1,200, போல்ட், குழாய், பலகை, சில்லறை 900 எல்லாம் சேர்த்து 9,965 ரூபாய். கூடு அப்படியே இருக்கிறது, மூடியும் அதில்தான் இருக்கிறது, அடுத்த முறைக்கு வண்டி வாடகை மட்டும்தான்.

அடுத்த முறைக்கு மாற்றப்போவது. கதவு பதினாலு அங்குலம் போதாது, அடியிலிருந்து தோள் வரை இரண்டடி உயரத்துக்கு வேண்டும், உள்ளே தரை மெஷ் கதவுப் பக்கமாகச் சரிந்திருக்க வேண்டும், அப்போது பாட்டில் நிற்காமல் இறங்கும். வெல்டு வைத்த இடமெல்லாம் இப்போதே துரு புள்ளி வைக்கிறது, வெல்டின் மேல் படியும் கசடை (ஸ்லாக்) தட்டிவிட்டுக் கம்பி பிரஷ்ஷால் நன்றாகத் தேய்த்த பிறகுதான் ரெட் ஆக்சைடு பூச வேண்டும், கடற்கரையிலிருந்து வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவிவிட வேண்டும். மேசை ஒன்று பத்தாது, கூட்டம் நேரத்தில் மூன்று வேண்டும், அதில் ஒன்று குழந்தைகள் உயரத்துக்கு ஒன்றரை அடியில். அந்த அக்காவுக்கு அன்றைய கூலியைத் தனியாகக் கொடுக்க வேண்டும், பாட்டில் காசு அவர் எப்படியும் சம்பாதித்திருப்பார், சொல்லிக்கொடுத்ததற்குக் காசு வேறு. மாசி மாதத்தில் ஒருமுறை வைக்கலாம் என்று அவரே கேட்டிருக்கிறார், மேஸ்திரி கதவை வெட்டித் தர ஒப்புக்கொண்டிருக்கிறார்.